பதில் வராத ஆர்டுயினோ: பேச்சு எங்கே அறுந்தது?

கடைசி ஆண்டு புராஜெக்ட் காட்ட இரண்டு நாள் இருக்கும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கும். நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, இன்று காலை புதிய புரோகிராமை ஏற்க மறுக்கிறது. திரையின் அடியில் "நாட் இன் சிங்க்" என்று பத்து வரி ஓடி நிற்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார்கள், கணினியை அணைத்துப் போடுகிறார்கள், அப்புறம் "போர்டு போச்சு" என்று ஓரமாக வைத்துவிட்டு, புதியது வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்கிய போர்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். சிப் நிஜமாகவே எரிந்துபோனவை அவற்றில் மிகக் குறைவு. மற்றவை உயிரோடுதான் இருந்தன. கேட்பவருக்கும் பதில் சொல்ல வேண்டியவருக்கும் நடுவே ஏதோ ஓரிடத்தில் பேச்சு அறுந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பிழைச் செய்தி சொல்வது ஒன்றே ஒன்று: கேட்டேன், பதில் வரவில்லை. யார் பதில் சொல்லவில்லை என்று அது சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் எதையாவது மாற்ற ஆரம்பித்தால், உயிரோடு இருந்த சிப்பையும் நாமே ஊமையாக்கிவிட வாய்ப்பு உண்டு. அது எப்படி என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அப்லோடு பொத்தானை அமுக்கியதும் பின்னால் ஓடுவது ஏவிஆர்டியூட் என்ற மென்பொருள். அது அனுப்பும் பைட்டுகள் கேபிள் வழியாகப் போர்டில் இருக்கும் யூஎஸ்பி-சீரியல் சிப்புக்குப் போகின்றன. அசல் ஊனோவில் அது ஏடிமெகா16யூ2. மலிவான நகல் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340. அந்தச் சிப் செய்தியைச் சீரியலாக மாற்றி, முதன்மைச் சிப்பான ஏடிமெகா328பி-யிடம் கொடுக்கிறது. அங்கே ஃபிளாஷ் நினைவகத்தின் கடைசி மூலையில் பூட்லோடர் என்ற சின்னஞ்சிறு புரோகிராம் காத்திருக்கிறது. ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிமான எண்களில், 30, 20 என்று இரண்டு பைட் வந்தால், அது 14, 10 என்று இரண்டு பைட் திருப்பி அனுப்ப வேண்டும். ஏவிஆர்டியூட் முதலில் எதிர்பார்ப்பது இந்தப் பதிலைத்தான். இது வராவிட்டால்தான் அந்தப் பத்து வரி.

இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு துண்டு ஒயரால் ரீசெட் பின்னைக் கிரவுண்டுடன் இணையுங்கள். 328பி ரீசெட்டிலேயே நிற்கும். அதன் பின்கள் எதையும் இழுக்காமல் விட்டுவிடும். இன்னொரு ஒயரால் 0, 1 ஆகிய இரண்டு பின்களையும் ஒன்றோடொன்று இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து ஏதாவது தட்டி அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யூஎஸ்பி சிப் எல்லாம் சரி. கோளாறு 328பி பக்கம். வராவிட்டால் 328பி மேல் சந்தேகப்பட இன்னும் காரணமே இல்லை. இரண்டு ஒயரும் ஒரு நிமிடமும் போதும். இதைச் செய்யாமல் யாரும் வேறு எதையும் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திரும்பி வராத பக்கத்தில் காரணங்கள் சாதாரணமானவை. போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிள்களில் டேட்டா ஒயர் இரண்டும் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினியின் போர்ட் பட்டியலில் ஒன்றும் தெரியாது. சிஎச்340 போர்டு என்றால் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவரே போர்டை முடக்கிய ஒரு காலமும் உண்டு. 2014-ல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், தன் சிப்பைப் போலச் செய்யப்பட்ட போலிச் சிப்புகளைக் கண்டால் அவற்றின் யூஎஸ்பி அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றி எழுதியது. போலி என்றே தெரியாமல் வாங்கியவர்களின் போர்டுகள் ஒரே நாளில் கணினிக்குக் கண்ணில் படாமல் போயின. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ஏமாந்து வாங்கியவரின் பொருளை முடக்குவது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தப் போர்டுகளும் சாகவில்லை. அடையாள எண்ணைத் திருப்பி எழுதியதும் எழுந்து உட்கார்ந்தன.

இனி 328பி பக்கம். 0, 1 பின்களில் புளூடூத் மாட்யூலோ ஜிபிஎஸ்ஸோ மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஊனோவில் யூஎஸ்பி சிப்புக்கும் 328பி-க்கும் நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் உண்டு. அதனால் வெளியிலிருந்து நேராக மாட்டிய மாட்யூலின் குரல்தான் ஓங்கும். கணினி பேசுவது அமுங்கிவிடும்.

அடுத்தது ரீசெட். பூட்லோடர் எப்போதும் விழித்திருப்பதில்லை. ரீசெட் ஆனதும் ஏறக்குறைய ஒரு நொடி காது கொடுக்கும். யாரும் கூப்பிடாவிட்டால் நம் புரோகிராமை ஓட விட்டுவிடும். அந்த ரீசெட்டைக் கணினியே செய்வதற்காகத்தான் டிடிஆர் என்ற கம்பி 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்குப் போகிறது. அந்தக் கெபாசிட்டரின் சால்டர் விட்டுப்போயிருந்தாலோ, ரீசெட் பின்னில் நாமே பெரிய கெபாசிட்டர் ஒன்றைப் போட்டிருந்தாலோ, கணினி கதவைத் தட்டும்போது உள்ளே ஆள் இருக்காது. அப்லோடு தொடங்கும் கணத்தில் போர்டின் ரீசெட் பொத்தானைக் கையால் அமுக்கி விட்டுப் பாருங்கள். ஏறிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. ஊனோவில் ரீசெட்டை அமுக்கியதும் "எல்" என்று எழுதிய சிறு விளக்கு சடசடவென்று சில முறை மின்ன வேண்டும். அது பூட்லோடரின் நாடித்துடிப்பு.

ஊனோவின் சிறிய தம்பியான ஆர்டுயினோ நேனோ போர்டை வாங்கியவர்களுக்கு இன்னொரு குழப்பம். பழைய பூட்லோடர் 2 கிலோபைட் இடம் எடுத்துக்கொண்டு 57,600 வேகத்தில் பேசும். ஊனோவில் இருக்கும் ஆப்டிபூட் என்ற பூட்லோடர் வெறும் 512 பைட். பேசுவது 115,200 வேகத்தில். 2018 முதல் அசல் நேனோவும் ஆப்டிபூட்டுக்கு மாறியது, நகல்களில் பல மாறவில்லை. மென்பொருளில் "ஓல்டு பூட்லோடர்" என்ற வரியைத் தேர்ந்தால் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலுக்காகக் குப்பைக்குப் போன நேனோக்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பூட்லோடரே மாட்டிக்கொள்ளும் நேரமும் உண்டு. புரோகிராம் உறைந்துபோனால் சிப்பைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரால் ரீசெட் ஆன பிறகும் அந்த டைமர் அணையாது; மிகக் குறைந்த நேரமான 15 மில்லிநொடி அளவுக்குச் சுருங்கி ஓடிக்கொண்டேயிருக்கும். அதை அணைக்கத் தெரியாத பழைய பூட்லோடர் வாய் திறப்பதற்குள் மறுபடி ரீசெட், மறுபடி ரீசெட். ஆப்டிபூட் இதைச் சரியாகக் கையாளுகிறது. ஆர்டுயினோ மெகா 2560 போர்டின் பழைய பூட்லோடரில் இருந்தது இன்னும் வினோதம். ஏற்றப்படும் புரோகிராமுக்குள் எங்காவது மூன்று ஆச்சரியக்குறி அடுத்தடுத்து இருந்தால், அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு அப்லோடை நடுவிலேயே நிறுத்திவிடும். "பிழை!!!" என்று அச்சிடச் சொன்னவருக்கு அதுவே பிழையாகிப் போனது.

சரி, பூட்லோடரிடமிருந்து பதில் வரவே இல்லை. இங்கேதான் ஐஎஸ்பி, அதாவது பூட்லோடரின் உதவி இல்லாமல் சிப்பில் நேராக எழுதும் வழி, வருகிறது. பூட்லோடர் என்பது ஃபிளாஷில் எழுதப்பட்ட சாதாரணப் புரோகிராம், அழியக் கூடியது. ஐஎஸ்பி அப்படி அல்ல, சிலிக்கானிலேயே செதுக்கப்பட்டது. ரீசெட்டைத் தாழ்த்திப் பிடித்தபடி மோசி, மிசோ, எஸ்சிகே என்ற மூன்று கம்பிகளில், அதாவது ஊனோவின் 11, 12, 13 பின்களில், பேசினால் போதும். யூஎஸ்பிஆஸ்ப் என்ற சிறிய புரோகிராமர் மலிவாகக் கிடைக்கிறது. இன்னொரு ஊனோ இருந்தால் அதுவே போதும்: ஆர்டுயினோ-ஐஎஸ்பி என்ற உதாரணப் புரோகிராமை ஏற்றிய பிறகு, புரோகிராமராக இருக்கும் அந்தப் போர்டின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கணினி கூப்பிடும்போதெல்லாம் புரோகிராமர் தானே ரீசெட் ஆகும், அதன் பூட்லோடர் குறுக்கே புகுந்து பதில் சொல்லும்.

புரோகிராமர் ரீசெட்டைத் தாழ்த்தி 20 மில்லிநொடியாவது பொறுத்து, ஹெக்ஸில் ஏசி, 53, 00, 00 என்று நான்கு பைட் அனுப்பும். மூன்றாவது பைட் போய்க்கொண்டிருக்கும்போது சிப், கேட்ட 53-ஐ அப்படியே எதிரொலிக்க வேண்டும். அந்த ஒரு எதிரொலி வந்துவிட்டால் சிப்புக்கு மின்சாரம் இருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது, கம்பிகள் சரி என்று அர்த்தம். அதன் பின் அடையாளம் கேட்டால் 1ஈ, 95, 0எஃப் என்று சொல்லும். 1ஈ, 95, 14 என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது கடைசியில் "பி" இல்லாத 328. மூன்றும் 00 அல்லது மூன்றும் எஃப்எஃப் என்று வந்தால் மிசோ கம்பி உயர்ந்த நிலையிலோ தாழ்ந்த நிலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது சிலர் சோதனையைத் தாண்டிப் போகச் சொல்லும் கட்டாயத் தேர்வைப் போட்டு எழுதப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். படிக்க முடியாத சிப்பில் எழுதுவது இருட்டில் கத்தி வீசுவது போன்றது.

கடிகாரம் என்று சொன்னேனே, விஷயத்தின் மையம் அதுதான். ஐஎஸ்பி சிலிக்கானில் இருந்தாலும், அது நடக்கச் சிப்பின் கடிகாரத் துடிப்பு வேண்டும். அந்தத் துடிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதை முடிவு செய்வது ஃபியூஸ் பிட்டுகள். பெயரைக் கேட்டு எரிந்துபோகும் ஃபியூஸ் என்று நினைக்க வேண்டாம். மறுபடி மறுபடி எழுதக்கூடிய மூன்று பைட்டுகள் அவை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே 0 என்றால் இயக்கப்பட்டது, 1 என்றால் இயக்கப்படாதது. வழக்கத்துக்கு நேர்மாறான இந்தக் கணக்கே பல சிப்புகளைக் கவிழ்த்திருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து வரும் 328பி, தன் உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரின், அதாவது துடிப்பு உண்டாக்கும் சுற்றின், வேகத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஊனோவில் இருக்கும் 328பி-யின் ஃபியூஸோ, வெளியே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை எதிர்பார்க்கும்படி எழுதப்பட்டது. இப்போது ஒரு மாணவர் புதிய சிப் ஒன்றை பிரெட்போர்டில் குத்தி, கிரிஸ்டல் இல்லாமலேயே, மென்பொருளில் ஊனோ என்று தேர்ந்து "பர்ன் பூட்லோடர்" கொடுக்கிறார் என்று வையுங்கள். ஆர்டுயினோ மென்பொருள் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறது. முதல் கட்டத்தில் சிப்பை அழித்து ஃபியூஸ்களை எழுதுகிறது. அது வெற்றி, ஏனென்றால் ஃபியூஸ் மாற்றம் சிப் அந்தப் புரோகிராமிங் நிலையை விட்டு வெளியே வந்த பிறகே அமலுக்கு வரும். இரண்டாம் கட்டத்தில் பூட்லோடரை எழுதப் போகும்போது சிப் இல்லாத கிரிஸ்டலின் துடிப்புக்காகக் காத்து நிற்கிறது. ஏசி, 53 என்று கத்தினாலும் அதற்குக் கேட்காது. பாதி வெற்றி, பாதி தோல்வி, பிறகு நிரந்தர மௌனம். சிப் எரிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பும் இடம் இது.

மருந்து இரண்டே கெபாசிட்டரும் ஒரு கிரிஸ்டலும்தான். 9, 10 என்ற கால்களுக்கு நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து, இரு பக்கமும் கிரவுண்டுக்கு 22 பிக்கோஃபாரட் கெபாசிட்டர்களைக் கொடுத்தால் சிப் எழுந்துவிடும். கிரிஸ்டல் போர்டிலேயே இருந்தும் ஃபியூஸில் "வெளிக் கடிகாரம்" என்று தவறாக எழுதிவிட்டவர்களுக்கு அது உதவாது. அப்போது சிப் எதிர்பார்ப்பது தயாரான சதுர அலையை. இன்னொரு ஊனோவில் டைமர் 1-ஐக் கொண்டு 9-ஆம் பின்னில் 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை உண்டாக்கி, அதை ஊமைச் சிப்பின் எக்ஸ்டால்1 என்ற 9-ஆம் காலுக்குக் கொடுங்கள். இரண்டு போர்டின் கிரவுண்டையும் மறக்காமல் இணையுங்கள். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த சிப் ஒன்று இப்படி 1ஈ, 95, 0எஃப் என்று வாய் திறந்ததை முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

கடிகாரம் இருந்தும் மெதுவாக ஓடுவது இன்னொரு வகை. ஐஎஸ்பி கம்பியின் வேகம் சிப்பின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 250 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. யூஎஸ்பிஆஸ்ப் வழக்கமாகப் பேசும் வேகமோ 375 கிலோஹெர்ட்ஸ். கடையிலிருந்து வந்த புத்தம்புதிய சிப் பதில் சொல்லாததற்குப் பல நேரம் இதுவே காரணம். ஏவிஆர்டியூட்டில் பெரிய பி என்ற தேர்வில் 10 கொடுத்தால் வேகம் ஏறக்குறைய 100 கிலோஹெர்ட்ஸாகக் குறையும். மின்சாரம் மிச்சம் பிடிக்க 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரைத் தேர்ந்தவர்கள் 32 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்க வேண்டும். அதையும் எட்டால் வகுத்திருந்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. நாம் பொறுமையாகப் பேசினால் அதுவும் பேசும்.

ஐஎஸ்பி கதவையே மூடும் ஃபியூஸ்களும் இருக்கின்றன. சீரியல் புரோகிராமிங்கை அனுமதிக்கும் பிட்டை ஐஎஸ்பி வழியாக மாற்றவே முடியாது. வடிவமைத்தவர்கள் அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். ஆனால் ரீசெட் காலைச் சாதாரணப் பின்னாக மாற்றும் பிட்டை ஐஎஸ்பி மூலமே எழுதிவிடலாம். எழுதிய மறுகணம் ஐஎஸ்பி போய்விடும். எட்டுக் கால் ஏடிடைனி85 சிப்பில் ஒரு பின் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு இதைச் செய்பவர்கள் நிறைய. மீள ஒரே வழி உயர் மின்னழுத்தம்: ரீசெட் காலில் 11.5 முதல் 12.5 வோல்ட் கொடுத்தால் சிப் ஃபியூஸைப் பொருட்படுத்தாமல் திறக்கும். டைனி85-க்குச் சில கம்பிகள் போதும். 328பி-க்குப் பதினைந்துக்கு மேல் வேண்டும். சிப்பைப் போர்டிலிருந்து கழற்றித்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த 12 வோல்ட் பக்கத்துச் சிப்புகளைப் பதம்பார்க்கும். ரீசெட் காலைப் பிழை தேடும் கம்பியாக மாற்றும் டீபக்வயர் ஃபியூஸை எழுதியவர்களுக்கு இந்த அளவு பாடு இல்லை. அட்மெல்-ஐஸ் போன்ற டீபக்கர் கிடைத்தால் அதன் மூலமே அந்த நிலையை விலக்கி ஐஎஸ்பியை மீட்கலாம்.

மற்ற குடும்பங்களிலும் கேட்க வேண்டியது இதே கேள்விதான்: அழிக்க முடியாத கதவு எது, அதைத் திறக்க என்ன வேண்டும்? புளூ பில் என்று விற்கும் எஸ்டிஎம்32எஃப்103 போர்டில், கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் டீபக் தேர்வைப் போட மறந்தால், உருவாகும் புரோகிராம் பிஏ13, பிஏ14 என்ற டீபக் பின்களைத் தொடக்கத்திலேயே துண்டித்துவிடும். முதல் முறை எஸ்டி-லிங்க் என்ற புரோகிராமர் ஏற்றும், இரண்டாம் முறை சிப்பையே காணோம் என்னும். மஞ்சள் ஜம்பரில் பூட்0-ஐ 1-க்கு மாற்றி ரீசெட் கொடுத்தால் சிப் நம் புரோகிராமை ஓட்டாமல் ரோம் என்ற, படிக்க மட்டும் முடிந்த நினைவகத்தில் இருக்கும் தன் சொந்தப் பூட்லோடருக்குப் போகும். டீபக் பின்கள் திரும்பி வந்துவிடும், பழைய புரோகிராமை அழித்துவிடலாம். அடையாள எண் 1 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 2பிஏ01477 என்று வந்து, சிப்போடு பேசும் ஓப்பன்ஓசிடி மென்பொருள் முறைத்தால், கையில் இருப்பது நகல் சிப்; சிப் உயிரோடுதான் இருக்கிறது, எதிர்பார்க்கும் எண்ணை மாற்றினால் வேலை செய்யும். எஸ்டிஎம்32-ன் எஃப்4 வகையில் வாசிப்புப் பாதுகாப்பை இரண்டாம் நிலைக்கு ஏற்றியவருக்கு மட்டும் திரும்ப வழியே இல்லை.

வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 சிப்பில் ஜிபிஐஓ0 என்ற பின் தாழ்ந்த நிலையில் ரீசெட் ஆனால்தான் புரோகிராம் ஏற்கும். தானாக நடக்காவிட்டால் பூட் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஜிபிஐஓ12-ல் மாட்டிய சென்சார் ரீசெட்டின்போது அந்தப் பின்னை உயர்த்திப் பிடித்தால், சிப் ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் கொடுத்துத் தடுமாறும். சென்சாரைக் கழற்றினால் போதும். 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் முதல் பூட்லோடரை ஆர்பி2040 சிப்பின் மாற்ற முடியாத 16 கிலோபைட் நினைவகத்திலேயே வைத்துவிட்டார்கள். பூட்செல் பொத்தானை அமுக்கியபடி செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். அதை எந்தப் புரோகிராமாலும் கெடுக்க முடியாது. கற்றுக்கொள்பவர் கையில் கொடுக்கும் போர்டு எல்லாமே இப்படித்தான் இருக்க வேண்டும்.

நிஜமாகவே எரிந்த சிப்பும் உண்டு. விரல் வைத்தால் சுடும். மின்சாரத்தை எடுத்துவிட்டு 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் ஓரிரு ஓம்தான் காட்டும். ஊனோவில் சிப் சாக்கெட்டில் இருப்பது அப்போது பெரிய ஆறுதல். நெம்பி எடுத்துவிட்டு 28 கால் சிப் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். பொருத்தியதும் அப்லோடு கொடுத்தால் மறுபடியும் அதே பத்து வரிதான் வரும். பதற வேண்டாம். அது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பூட்லோடர் இல்லாத வெற்றுச் சிப். இப்போது கிரிஸ்டல் போர்டிலேயே இருக்கிறது. ஐஎஸ்பி வேகத்தைக் குறைத்து, முதலில் ஃபியூஸ்களைப் படித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பூட்லோடரை ஏற்றுங்கள். ரீசெட்டை அமுக்கியதும் "எல்" விளக்கு சடசடவென்று மின்னும்.